இருபத்தொன்றாவது படம்

இந்தப் பூக்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது என்று அவள் நினைத்துக்கொண்டாள். தோட்டம் நாத்தனாருடையது. குளிர்காலத்தில் பூக்கும் அந்த வெள்ளைப் பூக்களை, நாத்தனார் அச்சடிக்கப்போகும் நாட்காட்டிக்காக, அவள் நாளுக்கு ஒன்றாக மண்டியிட்டு மிக அருகிலிருந்து படம் எடுத்தாள். ஒரு பூவுக்கு இருபது படம். ஒவ்வொன்றிலும் கேமராவின் குவியத்தை மயிரிழை பின்னுக்கு நகர்த்தி, பூ முழுதும் தெளிவாகத் தெரியும்படி கடைசியில் இருபதையும் ஒரே படமாக்குவாள்.

கணினியில் பார்த்தால் தினமும் இருபத்தொன்று இருந்தது. கூடுதலான அந்த ஒன்று, பூ இருந்த இடத்திலிருந்து அவளைப் பார்த்து எடுத்தது. முதல் நாள் அதில் அவள் முகம். மறுநாள் ஒரு கண் மட்டும். மூன்றாம் நாள் கண் மூடியிருந்தது. இன்று இமைமேல் பனி உறைந்திருந்தது.

நாத்தனார் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானே வந்திருக்கு. ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"இதை நான் எடுக்கல, அண்ணி."

"யார் எடுத்தா என்ன? போன வருஷம் படம் எடுக்க வந்தவ இத்தனை கேள்வி கேக்கல. இன்னும் ஒரு பூதான் பாக்கி. நாளைக்குப் பக்கத்துல படுத்து எடு."

அவள் கேமராவை நீட்டினாள். "நீங்க படுத்து எடுங்களேன்."

நாத்தனார் கை நீட்டவில்லை.

அவள் கேமராவை மேசைமேல் வைத்தாள். "நாளைக்கு நான் வரல, அண்ணி" என்றாள் மெதுவாக.