பொம்பள வில்லு

"லேடீஸ்னு போட்டிருக்குய்யா!"

வில்லில் ஒட்டியிருந்த சீட்டை ஆஞ்சப்பன் உரக்கப் படித்ததும் மைதானமே சிரித்தது. அவன் அடுத்த வில்லைத் திருப்பிப் பார்த்தான். அதிலும் லேடீஸ். ஆறு வில்லிலும் அதே சீட்டுதான்.

ஓசூரில் புதிதாகத் தொடங்கிய வில் கழகத்துக்கு முந்தின நாள்தான் பெங்களூரிலிருந்து சாமான் வந்திருந்தது. தலைவர் நாராயணப்பனும் செயலாளர் பாக்கியராஜும் சேர்ந்து போய் வாங்கி வந்தவை. பாக்கியராஜ் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். வீடு வீடாக ஏறி இறங்கி, கெஞ்சிக் கூத்தாடி, கழகத்துக்கு ஆள் சேர்த்தவர். தலைவரோ நாலு ஊரில் நிலம் உள்ளவர். மாட்டுச் சந்தையில் முரட்டுக் காளையைக் கொம்பைப் பிடித்து நிறுத்துவார் என்று பெயர் எடுத்தவர்.

"ஏன் மாஸ்டரே, எங்களுக்கு வளையலும் வாங்கியாந்தீங்களா?" என்றான் ஆஞ்சப்பன்.

"புதுசா பழகறவங்களுக்கு லேசான வில்லுதாங்க நல்லது. எடுத்த எடுப்புல கனமானதை இழுத்தா தோள் போயிடும்" என்றார் பாக்கியராஜ்.

"எங்க தோளைப் பத்தி உங்களுக்கு என்னாத்துக்கு கவலை? தலைவரே, நீங்க ஒண்ணை இழுத்துக் காட்டுங்க! ரெண்டா ஒடியுதா இல்லையா பாக்கலாம்!"

எல்லோரும் கை தட்டினார்கள்.

நாராயணப்பனின் முகம் சிவந்துவிட்டது. நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு எழுந்தார். கோபம் வந்தால் அவர் வாயில் தெலுங்குதான் முதலில் வரும்.

"சிக்கு லேதாய்யா நீக்கு? வெக்கமா இல்ல? இந்தப் பொம்பள வில்லை நான் கையால தொடுவேனா? நான் டீ குடிக்கப் போன நேரம் பாத்து இந்த ஆளு பார்சல் கட்டிட்டான்! நம்பிக் கூட்டிட்டுப் போனதுக்கு ஊரே சிரிக்கிற மாதிரி பண்ணிட்டான்!"

பாக்கியராஜ் அவரையே பார்த்தார்.

"என்னாய்யா முழிக்கிற? இனிமே நீ செயலாளர் இல்ல. கழகத்துப் பக்கமே தலை காட்டாத, போ!"

அவ்வளவுதான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. நேற்றுவரை மாஸ்டர் வீட்டுக் காப்பியைக் குடித்தவர்கள்கூட ஒரு வார்த்தை தடுத்துப் பேசவில்லை.

மைதானத்தை ஒட்டியே பாக்கியராஜின் வீடு. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி சாராளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் உள்ளே நுழைந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"கடையில ஆம்பளைங்க வில்லே இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன் இதை வாங்கினீங்க?"

"விடு சாராள்."

"அந்த ஆளு டீ குடிக்கப் போனது நெசந்தானா?"

"விடுன்னு சொல்றேன் இல்ல."

"விடமாட்டேன்! நாய் மாதிரி விரட்டறான், நின்னு கேட்டுட்டு வர்றீங்களே! வாயில என்னா, கொழுக்கட்டையா?"

கழக அறையின் சாவி ஆணியில் தொங்கியது. அதைப் பிடுங்கிக்கொண்டு சாராள் கிளம்பிவிட்டாள். பாக்கியராஜ் பின்னாலேயே கூப்பிட்டது அவள் காதில் ஏறவில்லை.

காசு இருந்தால் யாரை வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் பேசலாமா? பொம்பள வில்லாம்! பொம்பள ஒருத்தி வாசலில் நின்று நாலு கேள்வி கேட்டால் தாங்குகிறாரா, பார்த்துவிடலாம்.

நாராயணப்பன் வீட்டுக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. சாராள் தட்டவில்லை. தள்ளினாள்.

"இந்தாங்க உங்க சாவி! எங்க வீட்டுக்காரரு உங்களுக்கு என்னா பாவம்..."

கூடத்தில் நாராயணப்பன் ஜிப்பாவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சரோஜம்மாள் அவருடைய வலது தோளில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். தோள் ஒரு பக்கமாக உள்வாங்கிக் கிடந்தது. அதற்குக் கீழே அந்தக் கை சூம்பிப்போய், இடது கையில் பாதிகூட இல்லை.

அவர் அவசரமாகத் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். சாராளின் முகத்தைப் பார்க்காமலே எழுந்து உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"போன வருசம் காளை முட்டினதும்மா" என்றாள் சரோஜம்மாள். "வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்னு மூடி மறைச்சிட்டுத் திரியறாரு."

"இந்தக் கையை வெச்சிக்கிட்டா வில் கழகத்துக்குத் தலைவரா நிக்கிறாரு?"

"பழகினா கைக்குக் கொஞ்சம் தெம்பு வரும்னு உங்க வீட்டுக்காரருதாம்மா சொன்னாரு."

சாராளுக்குக் கோபம் ஆறவில்லை, இன்னும் ஏறியது.

"அதுக்கு இவரு குடுத்த கூலியைக் கேளுங்க! பொம்பள வில்லை வாங்கிட்டான்னு அத்தனை பேர் முன்னால வெக்கங்கெட்டவன்னு திட்டி, கழகத்தை விட்டே துரத்தியிருக்காரு. இவரு டீ குடிக்கப் போன நேரத்துல எங்க வீட்டுக்காரரு ஏமாத்திட்டாராம்!"

ஒத்தடத் துணி சரோஜம்மாளின் கையிலிருந்து வெந்நீரில் விழுந்தது. இந்தச் சேதி அவளுக்குப் புதிது. சாத்திய கதவை ஒரு முறை முறைத்தாள். பிறகு, உள்ளே இருப்பவருக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள்.

"டீயும் இல்ல, காப்பியும் இல்லம்மா. கடையில இருந்த எல்லா வில்லையும் இழுத்துப் பாத்தாராம். இவருக்கு வளைஞ்சது அந்தப் பொம்பள வில்லு ஒண்ணுதானாம். 'ஆறையும் இதே மாதிரி எடுத்துக்கலாங்க. அப்ப உங்க வில்லு மட்டும் லேசுன்னு யாருக்கும் தெரியாது'ன்னு சொன்னாராம் உங்க வீட்டுக்காரரு. 'அவரு கையைப் புடிச்சிக்கிட்டு கடையிலயே அழுதுட்டேன் சரோஜா'ன்னு நேத்து என்கிட்ட சொன்ன மனுசன்தாம்மா, இன்னிக்கு அவரைத் துரத்தினது!"