சொல்லிக்கொண்டு போகிறவர்

கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. கேக்கை ஓவனில் வைத்தாலே என் கணவர் வந்துவிடுகிறார். ஜூன் மாதம் அடக்கம் செய்த மனிதர். சுடச்சுட ஓரத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டு, "சர்க்கரை தூக்கலா இருக்கு" என்று குறை வேறு. கிளம்பும்போது, "போயிட்டு வரேன்" என்பார். சொன்னபடி அடுத்த கேக்குக்கும் வந்து நிற்பார்.

முன்பெல்லாம் வெறுமனே "போறேன்" என்றுதான் கிளம்புவார். "வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று திட்டித் திட்டித் திருத்தியவள் நான்தான்.

இன்று வாசலை மறித்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"இந்த ஒரு தடவை போறேன்னு சொல்லிடுங்க."

அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தார். திரும்பினேன். எங்கள் ஆறு வயது மகள் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாகூட நான் போறேன்."