வழக்கம்போல் இருக்கும் கூட்டம்

"டேப்புல ஏதோ தப்பு ஐயா," என்று நர்ஸ் மறுபடியும் தையல்காரரின் இடுப்பைச் சுற்றி அளந்தாள்.

"டேப்பு மேல பழி போடாதே. பின்பக்கம் இறங்கிப் போச்சு பாரு. குடு இங்க," என்று அவர் தானே பிடித்துக் காட்டினார். ஊர் இடுப்பையெல்லாம் அளந்த கை. அப்போதும் அதே அளவுதான். போன வருஷத்தைவிட நான்கு அங்குலம் குறைச்சல்.

"அப்புறம் ஏன் ஐயா பேண்ட்டைச் சாக்கு மாதிரி தொங்க விட்டிருக்கீங்க? நீங்களே தையல்காரர்!"

"பிடிச்சுத் தைக்கணும். தைக்கலாம்," என்று பெல்ட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

அடுத்த அறையில் ஆராய்ச்சி டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி காத்திருந்தார். "உங்களுக்கு இங்க நாங்க வெச்சிருக்கிற பேரு தெரியுமா? வழக்கம்போல் ஐயா. எது கேட்டாலும் வழக்கம்போலத்தான்னு சொல்லுவீங்களே! இந்த வருஷம் எடை, சர்க்கரை, பிரஷர் எல்லாமே இறங்கியிருக்கு. என்ன ஐயா நடக்குது?"

குரலில் பாதி சந்தோஷம், பாதி கவலை. ஆராய்ச்சியே அதுதான். சர்க்கரை நோய் எட்டிப் பார்க்கும் நிலையில் இருப்பவர்களில் பாதிப் பேர் சாப்பாட்டை மாற்றி, தினமும் நடக்க வேண்டும். மீதிப் பேர் எப்போதும்போல் இருக்க வேண்டும். சில வருஷம் கழித்து இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். யார் எந்தப் பக்கம் என்பது குலுக்கல். தையல்காரருக்கு விழுந்தது எப்போதும்போல் இருக்கும் கூட்டம்.

அன்றைக்கு அவர் மனைவி இதே அறையில் போட்ட சண்டையை யாரும் மறக்கவில்லை. "இவரைத் திருத்தத்தானே கூட்டிட்டு வந்தேன்? நீங்களும் இவர் கட்சியா? இன்னொரு வாட்டி குலுக்குங்க டாக்டர்!"

குலுக்கவில்லை. சமையலில் ஒரு மாற்றமும் செய்ய மாட்டேன் என்று கடைசியில் டாக்டரின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அவருக்கு ராஜ வாழ்க்கை. சாயங்காலம் பலகாரம் கேட்டால், "ஆராய்ச்சிக்காகப் பொரிக்கிறேன், உங்க மூஞ்சிக்காக இல்லை," என்று முணுமுணுத்துக்கொண்டே பொரித்துத் தருவாள்.

"மறைக்காம சொல்லுங்க. நடக்கறீங்களா?"

"காலையில ஒரு வாட்டி. சாயங்காலம் ஒரு வாட்டி."

"எது வரைக்கும்?"

"பாலம் தாண்டி."

"அவ்வளவு தூரமா! தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவே மாட்டீங்கன்னு உங்க வீட்டம்மா புலம்புவாங்களே! சரி, சாப்பாடு?"

"ஏதோ ஒரு வேளை. பசிக்கறதில்லை."

"காபிக்குச் சர்க்கரை?"

"போடறதில்லைம்மா. டப்பாவை எங்க வெச்சிருக்கான்னு தெரியல."

டாக்டர் மேசையைத் தட்டினார். "மாட்டிக்கிட்டாங்க! சர்க்கரை டப்பாவையே ஒளிச்சு வெச்சாச்சு! சாப்பாட்டை மாத்தற அந்தக் கூட்டத்துக்கு நாங்க நடத்தற சமையல் வகுப்புல, கடைசி வரிசையில முக்காடு போட்டுட்டு உக்காந்திருந்தது அம்மாதானோ என்னவோ! பொல்லாத ஆளு ஐயா உங்க வீட்டுக்காரம்மா!"

வாசலில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டர் திட்டிக்கொண்டே போனார். தையல்காரருக்கு நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் கையைப் பிடிச்சு வாக்குக் குடுத்துட்டு, இந்த வேலையா பண்றது?"

அது மட்டும் அவருக்குச் சுருக்கென்றது. "இல்லைம்மா. குடுத்த வாக்கை அவ மீறவே இல்லை. அவளை அப்படிச் சொல்லாதீங்க."

"விட்டே குடுக்க மாட்டீங்களே!" என்று டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். இப்போது குரலில் விளையாட்டு இல்லை. "ஐயா, உங்க உடம்பு தேறினதுல எனக்குச் சந்தோஷம்தான். ஆனா எப்பவும்போல இருக்கிற கூட்டத்துல நீங்க மட்டும் இப்படி இளைச்சு நின்னா எங்க கணக்கு உதைக்கும். உங்க பேரை எடுத்துடச் சொல்லி மேல கேப்பாங்க."

அவர் நிமிர்ந்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பேரை எடுத்துடாதீங்கம்மா. என்ன வேணா சொல்லுங்க, செய்யறேன். இது அவ சேர்த்துவிட்டது. வருஷம் தவறாம இங்க கூட்டிட்டு வந்து, வெளிய அந்த பெஞ்சுல உக்காந்திருப்பா. இதையும் எடுத்துட்டா..."

ஒரு பெயருக்காகப் பெரிய மனிதர் இப்படிக் கலங்குவார் என்று டாக்டர் எதிர்பார்க்கவில்லை. சட்டென்று இளகிப் போனார். தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"சரி சரி, எடுக்கலை. மேல நான் பேசிக்கறேன். ஆனா ஒரே ஒரு நிபந்தனை. அந்த ஒரு வேளைச் சாப்பாடெல்லாம் இன்னையோட சரி. நேரா வீட்டுக்குப் போங்க. அம்மா கையால பழையபடி வயிறாரச் சாப்பிடுங்க. செய்வீங்களா?"

தையல்காரர் தண்ணீரைக் குடித்து முடித்தார். காலி டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தார்.

"அதுக்கு அவ உயிரோட இருக்கணுமேம்மா."