கால் கிராம் மிகை

டென்மார்க்கின் அல்பர்ட்ஸ்லுண்டில் பழைய நாணயங்களை மதிப்பிடும் கிருபாஷினியிடம் 1795ஆம் ஆண்டின் அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று வந்தது. அக்காலத்தில் எடை மிகுந்த வெள்ளித் தகட்டை அரத்தால் அராவிய பிறகே முத்திரை குத்துவார்கள். இதில் அராவிய தடமே இல்லை. எடையோ கால் கிராம் மிகை. போலிக்குச் சான்றளித்தால் அவளிடம் இனி ஒருவரும் வரமாட்டார்கள். நாணயத்தைப் பூட்டி வைத்தாள்.

மறுநாள் காலை எடை சரியாக இருந்தது. நாணயத்திலுள்ள பெண்முகத்தின் கன்னத்தில் அரம் இழுத்ததுபோல் மூன்று புதிய கோடுகள் இருந்தன.

"நேற்றுப் பிழையா நிறுத்திருப்பீர்," என்றான் கணவன் பிரெய்ன்.

சான்றிதழில் கையெழுத்திடப் பேனாவை எடுத்தபோது தன் பெருவிரலிலும் அதே கோடுகளைக் கண்டாள். குருதியும் இல்லை, வலியும் இல்லை. குளியலறைத் தராசில் ஏறி நின்றாள். நேற்றைவிட நான்கு கிலோ குறைந்திருந்தது.

"நல்லதுதானேயப்பா," என்று சிரித்தான் பிரெய்ன். "சனம் காசு குடுத்தெல்லோ மெலியுது."