காய்ந்த சுவடுகள்

முலான்ஜே மலையுச்சிக்குச் சற்றுக் கீழே, மூடுபனிக்குள், ஈரப்பாறைச் சரிவில் ததலா தவழ்ந்து ஏறுகிறாள். போன வருடம் இங்கேதான் பயந்து அழுது திரும்பினாள். இன்று மூடுபனியில் வழிகாட்டி லாமெக்கின் வெறுங்கால்கள் மட்டும் தெரிய, முன்னால் போகின்றன. அவை பதிந்த இடமெல்லாம் பாறை காய்ந்து வெதுவெதுப்பாக இருக்கிறது. அங்கேயே கை வைக்கிறாள். காலையில் அவன் மலைக்குச் சோளமாவு படைத்தபோது, "உன் மலை கஞ்சி குடிக்குமா?" என்று சிரித்தவள். சரிவு முடிகிறது. நிமிர்கிறாள். யாருமில்லை. "அக்கா, அழுதுடாதீங்க," என்று வெகு கீழேயிருந்து லாமெக்கின் குரல் வருகிறது. "பூட்ஸ் நாடா அறுந்துபோச்சு. கட்டிட்டு வந்துடறேன். நான் வராம ஏறிடாதீங்க." காய்ந்த சுவடுகள் உச்சியை நோக்கிப் போகின்றன. ததலா அவற்றைப் பார்த்துவிட்டுக் கீழே குரல் கொடுக்கிறாள். "நான் மேல வந்துட்டேன், தம்பி. மெதுவா ஏறு. மாவு மிச்சம் இருந்தா எடுத்துட்டு வா."