அப்பா போட்ட ஒட்டு

"ஊரான் வண்டிக்கெல்லாம் ஒட்டுப் போடத் தெரியுது. கூடப் பிறந்தவ வண்டின்னா மட்டும் உன் பிள்ளைக்குக் கை வலிக்குதா?"

போனில் அம்மாவிடம் மகள் பொரிந்து தள்ளினாள்.

"அப்பா ஞாபகமா நான் கேட்டு வாங்கினது அவரோட அந்த ரிமோட் கார் ஒண்ணுதான். முதல் ஓட்டத்துலயே சுவத்துல மோதி உடைச்சுட்டேன், தப்புதான். அதுக்காக மாசக்கணக்காவா போட்டு வைப்பான்? எனக்குத் தெரியும்மா. சின்ன வயசுலயே அப்பா வண்டி ஒட்டுற அந்த அறை அவனுக்குத்தான். நான் போனா அப்பா கதவைச் சாத்திடுவார். இப்ப அப்பா இல்லை, இவன் சாத்துறான். இனிமே எனக்கு அண்ணன்னு ஒருத்தன் கிடையாதுன்னு சொல்லிடு."

வைத்துவிட்டாள்.

கணவர் போன பிறகு அம்மா கடவுளிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பெற்றது இரண்டும் ஒற்றுமையாக இருக்க வேண்டும். அதற்கும் வந்ததா வினை?

செருப்பை மாட்டிக்கொண்டு மகன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

மகன் பின்னறையில் இருந்தான். முகத்தில் மாஸ்க். உடைந்த கறுப்புத் தகடு ஒன்றைத் தண்ணீர்த் தட்டில் முக்கி, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பசை வாசனை மூக்கில் ஏறியதும் அவளுக்குக் கால் நின்றுவிட்டது. கணவரின் சட்டையெல்லாம் இந்த வாசனைதான் அடிக்கும். துவைத்துத் துவைத்து எத்தனை திட்டியிருப்பாள்! இன்றைக்கு அதே வாசனைக்கு மூக்கு ஏங்குகிறது.

"மேசையைத் தொடாதேம்மா. கார்பன் ஃபைபர் தூள், கையெல்லாம் அரிக்கும்."

"இங்கே வயிறே எரியுது, கை அரிச்சா என்ன? தங்கச்சி வண்டி எங்கேடா?"

யார் யாருடைய கார்களோ ஒட்டி முடித்து, பளபளவென்று வரிசையாக நின்றன. தங்கையின் கார் மட்டும் அடித்தகடு இல்லாமல் எலும்புக்கூடாக மூலையில் கிடந்தது.

"ஊருக்கு உபகாரம், வீட்டுக்கு உபத்திரவமா?"

மகன் சிரித்தான். "உட்காரும்மா. விரிசல் எங்கே வந்திருக்கு தெரியுமா? அப்பா அந்தக் காலத்துல போட்ட ஒட்டு மேலயே. பழைய பசையைச் சுரண்டி எடுத்தாத்தான் புதுசு பிடிக்கும்."

"சுரண்டேன். யார் வேண்டாங்கிறா?"

"என்னால முடியலை."

துணியில் சுற்றி வைத்திருந்த தகட்டை எடுத்து, பூதக்கண்ணாடியோடு நீட்டினான். பசை, உறைந்த தேன் மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது. அதில் ஒரு கட்டைவிரல் ரேகை. குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

அவளுக்குத் தெரியாத விரலா அது!

கண் நிறைந்தது. ஆனால் கோபம் இறங்கவில்லை.

"அதான் விஷயமா? அப்பா ரேகையை நீயே வெச்சுக்கலாம்னு பார்க்கிறே. அவளுக்கும் அவர் அப்பாதானேடா!"

"பக்கத்துல பாரு."

பக்கத்தில் இன்னொரு ரேகை. சட்டைப் பொத்தானை விடச் சின்னது.

"இது யாருது? உன்னுதா?"

"எனக்கு அப்பவே அப்பா செருப்பு சரியா இருக்கும். இது உன் மகளுது. தத்தித் தத்தி உள்ளே வந்து ஈரப் பசையில விரலை வெச்சுட்டா. வேலையே கெட்டுதுன்னு நான் கத்தினேன். அவ உதட்டைப் பிதுக்கினா. உடனே அப்பா தன் விரலையும் பக்கத்துல அழுத்தி, 'இந்தா, நானும்தான் கெடுத்துட்டேன், என்னையும் திட்டு'ன்னார். அதுக்குள்ள அவ பசை விரலை வாய்க்குக் கொண்டு போயிட்டா. அப்பா நடுங்கிப் போயிட்டார். அன்னைக்குச் சாத்தின கதவும்மா அது."

அம்மா அந்தச் சின்ன ரேகையை மறுபடி பூதக்கண்ணாடியில் பார்த்தாள்.

"ரேகையைத் தொடாம, அடிப்பக்கமாவே தேய்ச்சு, அடியிலேயே ஒட்டப் போறேன். தேய்க்கிறப்ப சூடு ஏறினா மேல் பசை இளகிடும். அதான் உடைஞ்ச தகடாப் பொறுக்கி, முதல்ல அதுல பழகிட்டிருக்கேன்."

"இதை அவகிட்ட சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"சொல்லிட்டு, ஒட்டும்போது அழிஞ்சு போச்சுன்னா? அவ தாங்குவாளா? முடிச்சுக் கையில கொடுத்துட்டுச் சொல்றேன்."

"அதுவரைக்கும் அவகிட்ட திட்டு வாங்குவியா?"

"வாங்கிட்டுப் போறேன்."

தகட்டை வாங்கி மறுபடி துணியில் சுற்றினான்.

"அந்த அறையில வருஷக்கணக்கா அப்பாகூட உட்கார்ந்தவன் நான். அவர் ஒட்டின வண்டி ஒவ்வொண்ணையும் தேடித் தேடிப் பார்த்துட்டேம்மா. எதுலயும் என் விரல் இல்லை."