துரைசாணியின் காலை முத்தம்

மலாயாவின் குளுவாங் தோட்டத்துப் பங்களாவின் பின்வாசலில், சீமையிலிருந்து கப்பலேறி வந்த துரைசாணியின் நாய்க்குட்டி கோழி எச்சத்தைப் பாயசம்போல் நக்கிக்கொண்டிருக்கிறது. சமையற்காரர் கிரகோரி அதைப் பிடித்திழுத்துத் தோள்துண்டால் வாயைத் துடைக்கிறார். குட்டியின் மீசையில் ஒட்டிய பச்சை போகவில்லை. மாடிப்படியில் துரைசாணியின் செருப்புச் சத்தம் இறங்குகிறது. தினமும் முதல் முத்தம் குட்டிக்கு, அடுத்தது கிரகோரியின் கைக்குழந்தைக்கு. "சொல்லித் தொலைங்களேன்!" என்கிறாள், குழந்தையை அணைத்திருக்கும் அவர் மனைவி செசிலியா. "சொன்னா, குட்டியப் பாக்காம என்ன கிழிச்சேன்னு இன்னிக்கே சீட்டக் கிழிச்சிருவாங்க லா!" துரைசாணி குட்டியை அள்ளி, வாயோடு வாய் வைத்து முத்தமிடுகிறாள். அதே ஈர உதட்டோடு குழந்தையை நோக்கிக் குனிகிறாள். செசிலியா முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடிவிடுகிறாள். "காய்ச்சலுங்க தொரசாணி!" துரைசாணி பதறிப் பின்வாங்கி, குட்டிக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று கைக்குட்டையால் அதன் வாயைப் பொத்துகிறாள்.